பச்சையம்மா பெங்களூரில் வசிக்கிறார்

உலகத்தில் நண்டு பிடிக்கிறவர்கள் உண்டு. நண்டு விற்கிறவர்கள் உண்டு. நண்டைத் தின்று முடித்துக் கை கழுவிய பிறகும் விரலை முகர்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. இந்த மூன்று கூட்டத்திலும் சேராமல், தண்ணீரிலும் இறங்காமல், தராசையும் தொடாமல், "நண்டு இருக்கிறது, நண்டு இருக்கிறது" என்று நாலு திசைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கென்று பிறந்த இன்னோர் இனம் இருக்கிறது. அதற்குப் பரப்பாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் துக்கம் என்று செய்தி அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்று அனுப்புவார். அதற்குக் கீழேயே ஓர் இணைப்பையும் அனுப்புவார். "நேரம் இருந்தால் அழுத்திப் பார்க்கவும்" என்று கூடவே ஒரு வரி. கல்யாணப் பந்தியில் நீங்கள் பாயசத்துக்காகக் காத்திருக்கும்போது, பக்கத்து இலைக்காரர் உங்கள் கைபேசியைக் கேட்டு வாங்கி, ஏதோ தட்டி, "ஒண்ணுமில்ல சார், ஒரு லைக்தான்" என்று திருப்பித் தந்தாரே, அவர்தான். நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். யோசிப்பார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேளுங்கள். யோசிக்கவே மாட்டார்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்று பழவேற்காட்டில், பொன்னேரி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வைத்திருந்தது. பெயர் பெலிக்ஸ். வயது நாற்பத்து மூன்று.

பெலிக்ஸ் கெட்ட மனிதர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த இனத்தில் கெட்டவர்கள் குறைவு. கெட்டவர்களுக்கு இத்தனை பொறுமை கிடையாது. ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு, முதியோர் பென்ஷன், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்று எதற்கு யார் வந்தாலும், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, படிவத்தைத் தானே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார். ஏரியைச் சுற்றியுள்ள பாதிப் பேருடைய முழுப் பெயரும் அப்பா பெயரும் பிறந்த தேதியும் அவருக்கு மனப்பாடம். அந்த ஞானம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் மனைவி ஜெஸ்ஸி பிறந்தது, தண்ணீருக்கு நடுவே இருக்கும் பசியாவரத்தில். அங்கே அவளுடைய உறவுக்காரப் பெண்கள் எட்டுப் பேர், அவர்களில் யாரும் தேர்ந்தெடுக்காமலே தலைவியாகிவிட்ட பச்சையம்மா முன்னால் போக, விடிந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவார்கள். பறி என்கிற ஓலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பறியில் போடுவார்கள். வாயில் பறி இருப்பதால் வேலை நேரத்தில் பேச முடியாது. அதற்கெல்லாம் சேர்த்துக் கரைக்கு வந்த பிறகு பேசுவார்கள்.

பிடித்ததை வாங்குவது ஒரே ஒரு வியாபாரி. அவர் சொன்னதுதான் விலை. அவர் முகம் சுளித்தால் அதுவும் இல்லை. ஜெஸ்ஸிக்கு ஒரு யோசனை வந்தது.

"இன்னாங்க, ஊர்ல அக்காங்க நண்ட நேரா ஓட்டலுக்காரங்களுக்கே குடுத்தா இன்னா? கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் போட்டு, ஒரு போன் நம்பர் குடுத்துட்டா கூப்ட்டு வாங்கிக்குவாங்க இல்ல?"

அவள் கேட்டது ஒரு பக்கம், ஒரு போன் நம்பர். அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பெலிக்ஸ் அணை கட்டப் புறப்பட்டார்.

மூன்றே நாளில் இணையதளம் தயார். முகப்பில் பூநாரைக் கூட்டம் ஒன்று வலமிருந்து இடமாகப் பறந்துபோய், மறைந்து, மறுபடியும் வலமிருந்து பறந்து வரும். அதற்குக் கீழே ஒரு நண்டு தன்னைத்தானே சுற்றும். "எங்களைப் பற்றி" என்ற இடத்தைத் தொட்டால், "இங்கே உங்கள் நிறுவனத்தைப் பற்றி எழுதவும்" என்று, மாதிரிப் பக்கத்தோடு இலவசமாக வந்த வாசகம் அப்படியே நிற்கும். "தொடர்புக்கு" என்பதைத் தொட்டால் "விரைவில்" என்று வரும்.

விரைவில் என்ன வந்தது? பெலிக்ஸின் கைபேசியில் ஒரு காணொளி வந்தது. நிறுத்திவைத்த காருக்குள் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன், கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கடையத் திறந்தா மட்டும் போதாது நண்பா, ஊருக்குச் சொல்லணும்" என்றான். அதற்கு வழி சோஷியல் புக்மார்க்கிங் என்றான். விஷயம் பெரிதல்ல. புத்தகத்தில் பிடித்த பக்கத்தில் மயிலிறகு வைப்போமே, அதையே ஊர் பார்க்க வைப்பதுதான். இணையத்தில் அதற்கென்று பொதுச் சுவர்கள் இருக்கின்றன. நமக்குப் பிடித்த பக்கத்தின் முகவரியை அங்கே குறித்து, அது எதைப் பற்றியது என்று நாலு சொல் எழுதிவைத்தால், அந்தச் சொல்லைத் தேடி வருகிறவர்கள் பார்ப்பார்கள். பிடித்தால் கை தூக்குவார்கள். கை கூடக் கூடப் பக்கம் மேலே ஏறும். பிறருக்குப் பயன்படட்டும் என்று யாரோ நல்லவர்கள் தொடங்கிய ஏற்பாடு. நல்லவர்கள் தொடங்குவதும் பரப்பாளர்கள் வந்து குடியேறுவதும் உலக வழக்கம்தானே?

கோட்டுப் போட்ட இளைஞன் முடிவில் ஐந்நூறு சுவர்களின் பட்டியல் கொடுத்தான். பெலிக்ஸ் அதை அச்செடுத்தார். சொந்தக் கடை என்பதால் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றைக் கடைச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அன்றிலிருந்து அவர் நாள் மாறிப்போனது. டீக்கு முன் பத்துச் சுவர், டிபனுக்குப் பின் இருபது சுவர், ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்தால் "ஒரு நிமிஷம்", ஆள் போய்விட்டால் "அப்பாடா" என்று விரல் ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சிலும் புதுச் சொற்கள் ஏறின. பசியாவரத்துக்குப் படகு ஓட்டும் திருவேங்கடம் ஆதார் நகல் எடுக்க வந்தபோது, "டிராஃபிக் பயங்கரமா ஏறிகினு கீதுண்ணா" என்றார் பெலிக்ஸ். திருவேங்கடம் திரும்பித் தெருவைப் பார்த்தார். இரண்டு ஆடு நின்றது. ஒரு ஷேர் ஆட்டோ, ஆள் சேராமல், அவற்றோடு நின்றது.

"ஆமா" என்று சொல்லிவிட்டு நகலை வாங்கிக்கொண்டு போனார். வயதில் பெரியவர், எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியவர்.

ஜெஸ்ஸி மட்டும் விடவில்லை.

"போன் நம்பர் போட்டுட்டீங்களா?"

"அது அஞ்சு நிமிஷ வேல. மொதல்ல கூட்டம் வரட்டும்."

"வந்த கூட்டம் யாருக்குப் போன் பண்ணும்?"

"ஜெஸ்ஸி, உனக்கு இதெல்லாம் புரியாது. ஃபர்ஸ்ட்டு ரீச்சு. அப்பாலதான் மத்தது."

மற்றது என்பது நண்டு.

கூட்டம் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நண்டு என்ற சொல்லைத் தேடுகிறவர்கள் உலகத்தில் குறைவு என்று கண்டுபிடித்த பெலிக்ஸ், பக்கத்தைக் குறிக்கும்போது நண்டோடு சேர்த்து எடை குறைப்பு, வேலைவாய்ப்பு, மணமகள் தேவை, முடி உதிர்தல் என்று கைக்கு வந்த சொற்களையெல்லாம் தூவினார். இதில் அவருக்குப் பெருவெற்றி தந்தது அவர் யோசிக்காத ஒன்று. நண்டுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடக ராசிக்காரர்கள் வந்து குவிந்தார்கள். ஒருவர், "ஏழு வருடமாக வரன் பார்க்கிறார்கள். எனக்கு எப்போது திருமணம் நடக்கும்?" என்று ஒரு சுவரில் உருக்கமாகக் கேட்டிருந்தார். பெலிக்ஸுக்கு மனசு கேட்கவில்லை. தன் தளத்தின் பாணியிலேயே, "விரைவில்" என்று பதில் எழுதினார். அதற்கு முப்பத்தொரு பேர் கை தூக்கினார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு சங்கடம். தன் பக்கத்துக்குத் தானே கை தூக்குகிறார் என்று கண்டுபிடித்து, சில சுவர்க்காரர்கள் அவரை வெளியே தள்ளினார்கள். பாராட்ட வேறு ஆட்கள் வேண்டும் என்றார்கள்.

ஆட்களுக்கா பஞ்சம்? முதலில் ஜெஸ்ஸியின் பெயரில் ஓர் உறுப்பினரைச் சேர்த்தார். மனைவிதானே, என்ன சொல்லப்போகிறாள்? அடுத்து மச்சான். அப்புறம் மச்சானின் மச்சான். அப்புறம் அவர் தலைக்குள் இருந்த ரேஷன் அட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. இரண்டே மாதத்தில் நாற்பத்தாறு பேர். எல்லோரும் ஏரிக்கரைக்காரர்களாக இருந்தால் சந்தேகம் வரும் என்பதால், ஆளுக்கு ஓர் ஊரும் உத்தியோகமும் கொடுத்தார். கடவுளுக்கு அடுத்தபடியாக அந்த வசதி அவருக்குத்தான் இருந்தது. பீடியும் இருமலுமாகப் படகு தள்ளும் திருவேங்கடம், கோயம்புத்தூரில் வசிக்கும் இருபத்தாறு வயது உடற்பயிற்சி ஆர்வலர் ஆனார். எதிர்க்கடையில் இட்லி சுடும் சாமுண்டீஸ்வரி, சிங்கப்பூரில் இல்லத்தரசி ஆனார். பச்சையம்மா பெங்களூரில் மென்பொருள் நிபுணர், நண்டுப் பிரியை.

அந்தப் பச்சையம்மா எழுதினார்: "இந்தத் தளத்தின் மூலம் பழவேற்காட்டு நண்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையே மாறிவிட்டது. நன்றி!"

சிங்கப்பூர் சாமுண்டீஸ்வரி அதை ஆமோதித்தார். கோயம்புத்தூர்த் திருவேங்கடம், "இதை உருவாக்கியவர் யாராக இருந்தாலும் ஒரு மேதை" என்றார். காலையில் தானே எழுதிய அந்த வரியைச் சாயங்காலம் மறுபடி படித்தபோது பெலிக்ஸுக்குக் கண் கலங்கியது. யாராவது ஒருவராவது புரிந்துகொண்டார்களே!

இதற்கு நடுவில் ஒரு சுவர், பாராட்டு மட்டுமே பேசுகிறவர்கள் ஆள் அல்ல, போலி என்று பெங்களூர்ப் பச்சையம்மாவை எச்சரித்தது. நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது சொல்ல வேண்டுமாம். பெலிக்ஸ் விழித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பசியாவரத்துப் பச்சையம்மா பென்ஷன் காகிதத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, சந்தையில் ஏமாந்துபோன யாரையோ பற்றித் திட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், காதில் விழுந்ததை விழுந்தபடியே பெலிக்ஸ் தட்டச்சு செய்து சுவரில் போட்டார்:

"நண்டு பெர்சா கீதேன்னு வாங்காதே. மல்லாக்கப் போட்டு, கால் மொளைக்கிற எடத்துல அமுக்கிப் பாரு. கல்லாட்டம் இருந்தா சதை கீது. அமுங்கிச்சின்னா உள்ள தண்ணிதான். ஓடு பளபளன்னு புதுப்பொண்ணாட்டம் மினுக்கினா நம்பாதே, அது இப்பதான் தோல உரிச்சிப் போட்டுக்கீது. பாசி புடிச்ச பழைய ஓடுதான் தாயி கெட்டி. எங்க பசியாவரத்துல கொழந்தையக் கேட்டாக்கூட சொல்லும்."

போட்டுவிட்டு அதை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதில் அவருடைய தளத்தின் பெயர் இல்லையே!

இனி வருவது விளையாட்டல்ல. ஒருநாள் உற்சாகம் தலைக்கேறி, கைபேசியில் இருந்த அத்தனை பேருக்கும் பெலிக்ஸ் தன் தளத்தின் இணைப்பை அனுப்பி, கை தூக்கச் சொன்னார். அத்தனை பேரில் நண்டு வியாபாரியும் ஒருவர். அவர் அழுத்திப் பார்த்தார். பூநாரை பறப்பதைப் பார்த்தார். "இடைத்தரகர் இல்லாமல் நேரடி நண்டு" என்று ஓடிய எழுத்தையும் பார்த்தார். மறுநாள் அவர் வண்டி படகுத்துறைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "அதான் உலகமே வாங்க வருதாமே, நான் எதுக்கு?" என்று பதில் வந்தது.

மூன்று வாரம் ஆனது. பிடித்த நண்டைக் கொடுக்கு கட்டி, ஈரச் சாக்குக்கு அடியில் வைத்து, எட்டுப் பெண்களும் கடைத்தெருவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் முகத்தைப் பார்த்தார்கள். பாதி விற்றது. மீதியில் பாதி செத்தது. பச்சையம்மா கடைக்கு வந்தார்.

"நைனா, உன் கம்ப்யூட்டர்ல யாரும் வர்லியா?"

"இன்னாக்கா இப்படிக் கேட்டுட்ட? நேத்து மட்டும் நானூத்திப் பன்னண்டு பேரு!"

பச்சையம்மா வாசலை எட்டிப் பார்த்தார். "எங்க கீறாங்க?"

"பாத்துட்டுப் போய்ட்டாங்க."

"எந்த வழியா?"

பெலிக்ஸ் சிரிக்க முயன்றார். பச்சையம்மா சிரிக்கவில்லை. கவுண்டர் மேல் ஊன்றியிருந்த அந்தக் கையில், விரலுக்கு விரல் நண்டு கிள்ளிய தழும்பு. அவர் போன பிறகு பெலிக்ஸுக்கு என்னவோ போல் இருந்தது. உண்மையாகவே எழுந்து உட்கார்ந்து, "தொடர்புக்கு" பக்கத்தைத் திறந்து, ஜெஸ்ஸியின் நம்பரில் முதல் நாலு எண்களை அடித்தார். அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு மணி அடித்தது. யாரோ கை தூக்கியிருக்கிறார்கள். யார் என்று பார்க்கப் போனார். போனவர் போனவர்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொன்னேரி பஸ்ஸிலிருந்து, தோளில் பையும் கையில் குடையுமாக ஓர் அம்மாள் இறங்கி, நேரே ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். பெயர் கஸ்தூரி. திருவள்ளூரில் மெஸ் நடத்துகிறவர்.

"ஏங்க, இங்க பசியாவரம் எப்படிப் போறது? நண்டு விஷயமா வந்திருக்கேன். இணையத்துல பாத்தேன்."

பெலிக்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஏழு மாதத் தவம்! ரத்தமும் சதையுமாக ஒரு வருகையாளர்! உட்காரச் சொன்னாரா? தண்ணீர் கொடுத்தாரா? எத்தனை கிலோ என்று கேட்டாரா? நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"மேடம், எந்தத் தளத்துலேர்ந்து வர்றீங்க?"

"திருவள்ளூர்லேர்ந்து."

"அது இல்ல மேடம். எந்தச் சொல்லப் போட்டுத் தேடுனீங்க? வந்து எத்தினி நிமிஷம் இருந்தீங்க?"

"இப்பதாங்க வரேன்."

"நம்ம வெப்சைட்டப் பாத்தீங்களா? பூநாரை பறக்குமே?"

"ஓ, அதுவா? பறந்துச்சு. வேற ஒண்ணும் இல்லையே அதுல? எங்களைப் பற்றின்னு தொட்டா, உங்களப் பத்தி எழுதுன்னு நம்மளையே கேக்குது. அத விடுங்க. பச்சையம்மான்னு ஒருத்தங்க நண்டு பாத்து வாங்கறது எப்படின்னு எழுதியிருந்தாங்க. அவங்க சொன்னபடி அமுக்கிப் பாத்துத்தான் ஒரு மாசமா வாங்கறேன். மார்க்கெட்ல இருக்கிறதுல முக்காவாசி தண்ணி நண்டுன்னு அப்பதான் தெரிஞ்சுது. பெங்களூர்னு போட்டிருந்தது. பேச்சு பெங்களூர்ப் பேச்சா இல்ல. பசியாவரம்னு ஒரு வார்த்த வந்துச்சு, அதப் புடிச்சிகிட்டு வந்துட்டேன். அவங்களப் பாக்கணும்."

பெலிக்ஸ் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "அவங்க... பெங்களூர்லதான் கீறாங்க. இப்ப பாக்க முடியாது."

உள்ளே பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த ஜெஸ்ஸிக்கு இந்த ரகசியம் எதுவும் தெரியாது. தலையை நீட்டினாள்.

"பச்சையம்மாக்காவா? பெங்களூரா? காலைல துறைல பாத்தேனே! வாங்கம்மா, நான் கூட்டிகினு போறேன்."

பெலிக்ஸ் வாயைத் திறந்தார். ஐந்நூறு சுவர்களில் எழுதிய வாய். அதை மூடுவதற்குள் அவர்கள் படி இறங்கிவிட்டார்கள். இரண்டு பெண்களும் தெரு முனை திரும்பியதும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். இட்லிக்கடைச் சாமுண்டீஸ்வரி, இவர் ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை ஆகையால், என்னவோ ஏதோ என்று கரண்டியோடு தானும் வந்தாள்.

அவர் படகுத்துறையை அடைந்தபோது, கஸ்தூரி கைபேசியை எட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். பச்சையம்மா ஈரச் சேலையோடு, இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"'...வாங்கிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையே மாறிவிட்டது. நன்றி.' இதுவும் நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"இரு தாயி, இரு. யாரு வாங்கனது?"

"நீங்க."

"நண்ட?"

"ஆமா."

"நானே எறங்கி, நானே தடவிப் புட்ச்சி, அப்பால நானே கம்ப்யூட்டர்ல வாங்கித் துண்ணேனா? எனக்கு இன்னா பேயா புட்ச்சிகினு கீது?"

யார் எழுதியது என்று கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மூச்சு வாங்க வந்து நின்ற பெலிக்ஸின் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. கஸ்தூரி ஒவ்வொரு பெயராகப் படிக்க, துறையில் இருந்த ஒவ்வொருவரும் தன் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

"நான் சிங்கப்பூர்லயா கீறேன்?" என்றாள் சாமுண்டீஸ்வரி, கரண்டியை ஆட்டியபடி. "அப்ப காலைல மாவு ஆட்னது எவ?"

திருவேங்கடம் படகிலிருந்தபடியே கேட்டார். "எனக்கு இன்னா வயசு போட்டுக்கீது?"

"இருபத்தாறு."

பீடியை ஓர் இழுப்பு இழுத்தார். "அத்த மட்டும் அப்படியே வுட்டுரச் சொல்லும்மா."

"எம்பேர்லயும் கீதா?" என்று ஜெஸ்ஸி கேட்டாள்.

பெலிக்ஸ் தரையைப் பார்த்தார். "நீதான் மொதல் ஆளு."

"நான் இன்னா சொல்லிக்கீறேன்?"

"இப்படி ஒரு கணவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்னு..."

துறையே சிரித்தது. ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. பச்சையம்மாவும் சிரிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் பெலிக்ஸ் தாங்கியிருப்பார். ஏரிக்கரையில் திட்டு ஒன்றும் புதிதல்ல. அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பெலிக்ஸு, என் பேர்ல பேச எனக்கு வாயி கீது இல்ல? தண்ணில கீறப்பதான் பறியக் கடிச்சிகினு கீறேன். கரைல கீறப்ப ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

மூன்று வாரமாகக் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்களைத் தாண்டித்தான் தினமும் டீக்குப் போனோம், ஒரு நாளும் நின்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் பெலிக்ஸுக்கு உறைத்தது.

"தப்புதான்க்கா" என்றார். அந்த ஏழு மாதத்தில் அவர் சொந்தப் பெயரில் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

பச்சையம்மா அதற்குள் கஸ்தூரி பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு இருந்தது ஒரே கேள்வி. ஏழு மாதமாக யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி.

"உனக்கு எவ்ளோ வேணும் தாயி?"

ஈரச் சாக்கை விலக்கினார்கள். பச்சையம்மா ஒவ்வொரு நண்டாக மல்லாத்தி, அமுக்கி, கல்லாக நின்றதை ஒரு பக்கமும் அமுங்கியதை ஒரு பக்கமும் போட்டார். தன் ஆட்கள் பிடித்த நண்டில் ஐந்தைத் தானே தள்ளிவைத்தார். வாங்க வந்தவளுக்கு எதிரிலேயே "இது உனக்கு வேணாம்" என்று சொன்ன வியாபாரத்தைக் கஸ்தூரி இதுவரை பார்த்ததில்லை. வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்றார். எந்த நம்பருக்குக் கூப்பிட என்று கேட்டார். ஜெஸ்ஸி தன் நம்பரைச் சொன்னாள். குறித்துக்கொண்டார். எல்லாம் முடிய, திருவேங்கடம் ஒரு பீடி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் எட்டுப் பெண்களும் ஜெராக்ஸ் கடையை நிறைத்து உட்கார, பெலிக்ஸ் தான் படைத்த மனிதர்களை ஒவ்வொருவராக அழித்தார். சிங்கப்பூர்ச் சாமுண்டீஸ்வரி எழுதியதை அழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துக்கொண்டார்; நன்றாக எழுதுகிறவள். பெங்களூர்ப் பச்சையம்மாவிடமிருந்து, நண்டு பார்க்கும் பாடத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டார். திருவேங்கடத்தை, அவர் விருப்பப்படி, விட்டுவைத்தார். பிறகு ஜெஸ்ஸி கீபோர்டைக் காட்டி, "அக்கா சொல்லும், நீங்க அடிங்க. மேல ஒரு எழுத்து சேர்க்காதீங்க" என்றாள். பச்சையம்மா சொன்னார், அவர் அடித்தார். எட்டுப் பேர் பெயர், ஊர், எப்படிப் பிடிக்கிறோம், எப்படிப் பார்த்து வாங்குவது, போன் நம்பர். பதினோரு நிமிஷம் ஆயிற்று. அதில் இரண்டு நிமிஷம் மின்சாரம் இல்லை.

கஸ்தூரி சொல்லிக் காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவர் சொல்லி இன்னொருவர். இரண்டாவது மாதம், பழைய வியாபாரியின் வண்டியும் துறையில் வந்து நின்று, கீழே இறங்காமல், "நல்லா கீறீங்களா?" என்று விசாரித்தது. விலையைப் பச்சையம்மா சொன்னார்.

பெலிக்ஸ் திருந்தினாரா? என்ன கேள்வி இது! இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி ஆரம்பாக்கம் போய், ஒரு டியூஷன் சென்டரில் வகுப்பு எடுக்கிறார். தலைப்பு: "சோஷியல் புக்மார்க்கிங் மூலம் நண்டு விற்ற என் அனுபவம்." சுவரில் எழுதியதைப் பார்த்துத்தானே திருவள்ளூரிலிருந்து ஆள் வந்தது என்கிறார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது பொய்யும் இல்லை. ஐந்நூறு சுவர், நாற்பத்தாறு ஆள், ஏழு மாதம் என்று பலகையில் எழுதிக் காட்டுகிறார். காதில் விழுந்ததைத் தட்டிப் போட்ட அந்த ஆறேழு வரியை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார். முடிவில் மாணவர்கள் எல்லோரையும் கைபேசியை வெளியே எடுக்கச் சொல்லி, வகுப்பின் பக்கத்துக்குக் கை தூக்க வைக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் நாற்பத்தாறு பேரை உண்டாக்கியவர் அல்லர். இணைப்பு அனுப்பி யார் கழுத்தையும் அறுத்தவர் அல்லர். உங்களை யாரும் பரப்பாளர் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு சின்ன சந்தேகம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் படம் ஒன்றைப் போட்டீர்களே, போட்ட அரை நிமிஷத்தில் உங்கள் வீட்டிலேயே இன்னொருவர் பெயரில் முதல் இதயம் வந்து விழுந்ததே, "சூப்பர்" என்று ஒரு வார்த்தையோடு? அந்தப் பெயர்க்காரர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அவர் கைபேசி கட்டில்மேல், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.